வீடு மாறும்போது சிகிச்சை விடுபடாமல் இருக்க: சென்னைப் புறநகர் மக்கள்தொகைப் பெருக்கமும் உங்கள் மருத்துவப் பராமரிப்பும்

சென்னைப் பெருநகரைச் சூழ்ந்துள்ள புறநகர்ப் பகுதிகளில் ஆண்டுதோறும் ஏராளமான குடும்பங்கள் புதிதாகக் குடியேறுகின்றன. குடிநீர், போக்குவரத்து, பள்ளி ஆகியவை குறித்து வீடு மாறுவதற்கு முன்பே விசாரிக்கும் குடும்பங்கள்கூட, வீட்டிலுள்ள நோயாளியின் தொடர் சிகிச்சை இனி எங்கு நடைபெறும் என்பதை மாத்திரை தீர்ந்த பிறகே எண்ணிப் பார்க்கின்றன. புறநகரின் மக்கள்தொகை எவ்வாறு பெருகுகிறது, அதனால் மருத்துவ சேவையில் என்ன நேர்கிறது, சிகிச்சை இடையில் விடுபடாமல் இருக்க நீங்கள் செய்யவேண்டியவை யாவை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

மக்கள்தொகை எங்கே பெருகுகிறது?

2001, 2011 ஆகிய இரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகும். அந்தப் பத்து ஆண்டுகளில் அன்றைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43.4 இலட்சத்திலிருந்து 46.5 இலட்சமாக, அதாவது ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது. அதே காலத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 இலட்சத்திலிருந்து 40 இலட்சமாக, ஏறத்தாழ 39 விழுக்காடு பெருகியது. திருவள்ளூர் மாவட்டம் 27.5 இலட்சத்திலிருந்து 37.3 இலட்சமாக, ஏறத்தாழ 35 விழுக்காடு பெருகியது. நகரின் மையம் ஓரளவு நிறைந்துவிட்டது. வளர்ச்சி அதன் விளிம்புகளில் நடைபெறுகிறது.

இவ்வளர்ச்சிக்குப் பிறப்புகளின் எண்ணிக்கை முதன்மைக் காரணம் அன்று. 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே பிறக்கின்றன. மக்கள்தொகை குறையாமல் நிலைத்திருக்கத் தேவையான 2.1 என்னும் அளவைவிட இது குறைவு. எனவே புறநகரின் பெருக்கம் பெரும்பாலும் இடப்பெயர்ச்சியால் விளைவது. வேலை தேடி வரும் இளைஞர்கள், நகரின் வாடகை கட்டுப்படியாகாமல் வெளியே வரும் குடும்பங்கள், ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கம் போன்ற இடங்களில் மறுகுடியமர்த்தப்பட்டோர், ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் வரும் பிற மாநிலத் தொழிலாளர்கள், பிள்ளைகளுடன் வசிக்கச் சொந்த ஊரிலிருந்து வரும் முதியோர் எனப் பல தரப்பினர் இதில் அடங்குவர்.

தாம்பரத்திலுள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இவ்வளர்ச்சிக்குத் தக்க சான்று. நகர நெரிசலிலிருந்து விலகித் தூய காற்று கிடைக்கும் இடத்தில் காசநோயாளிகள் தங்கவேண்டும் என்னும் நோக்குடன் 1928-இல் அங்கே நலவிடுதி ஒன்று தொடங்கப்பட்டது. அன்று ஊருக்கு வெளியே இருந்த அவ்விடம் இன்று தாம்பரம் மாநகராட்சியின் நடுவே, மின்தொடர் வண்டி நின்று செல்லும் பரபரப்பான பகுதியாக உள்ளது.

இதனால் மருத்துவ சேவையில் என்ன நேர்கிறது?

அரசின் பொதுச் சுகாதார சேவைகள் மக்கள்தொகையைக் கணக்கிட்டே அமைக்கப்படுகின்றன. சமவெளிப் பகுதிகளில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், நகரங்களில் 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கவேண்டும் என்பது தேசிய அளவிலான நெறிமுறை. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பத்தாண்டுகளில் கூடிய 11 இலட்சம் பேருக்கு மட்டும், ஊரக நெறிமுறைப்படி 37 ஆரம்ப சுகாதார நிலையங்கள் தேவைப்படும். வீடுகள் ஓரிரு ஆண்டுகளில் எழுந்துவிடுகின்றன. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகம், கட்டடம் அனைத்தும் அதே வேகத்தில் அமைவதில்லை.

கணக்கெடுப்பு தள்ளிப்போனதும் ஒரு காரணம். 2021-இல் நடைபெறவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனா பெருந்தொற்றால் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாளாக 2027 மார்ச் 1 குறிக்கப்பட்டுள்ளது. இடைப்பட்ட காலத்தில் ஒரு பகுதியில் எத்தனை கருவுற்ற பெண்கள், எத்தனை குழந்தைகள், எத்தனை நீரிழிவு நோயாளிகள் உள்ளனர் என்பதை அறியக் களப்பணியாளரின் பதிவேடே முதன்மையான வழி. அப்பதிவேட்டில் உங்கள் குடும்பம் இடம்பெறவில்லையெனில், தடுப்பூசி நாளை நினைவூட்டவோ, மாத்திரைகளை வீட்டிற்குக் கொண்டுவரவோ, மருத்துவமனைக்கு வராத நோயாளியைத் தேடி வரவோ எவருக்கும் வழியில்லை. புதிய முகவரியைச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்வதுதான் இக்கட்டுரை உங்களிடம் வேண்டும் முதல் செயல்.

உங்கள் சுகாதார நிலையம் எது?

அஞ்சல் முகவரியில் ‘சென்னை’ என்றிருப்பதால் நீங்கள் சென்னை மாநகராட்சியின் கீழ் வசிப்பதாகக் கொள்ளவேண்டா. 2011-இல் 42 உள்ளாட்சி அமைப்புகள் இணைக்கப்பட்டு, மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் தனி மாநகராட்சிகளாயின. செங்கல்பட்டு 2019-இல் தனி மாவட்டமாயிற்று. இன்று தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி ஆகியவை செங்கல்பட்டு மாவட்டத்திலும், குன்றத்தூர், மாங்காடு ஆகியவை காஞ்சிபுரம் மாவட்டத்திலும், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. காசநோய்த் தடுப்பு போன்ற திட்டங்கள் மாவட்ட வாரியாக நடைபெறுவதால், எந்த மாவட்டம், எந்த உள்ளாட்சி, எந்த வார்டு என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டு வரி இரசீதிலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ இதனை அறியலாம்.

மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும் நகர்ப்புற நலவாழ்வு மையமும் சேவை அளிக்கின்றன. ஊராட்சிப் பகுதிகளில் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரை அணுகவேண்டும். அருகிலுள்ள அங்கன்வாடிப் பணியாளருக்கு அவரைத் தெரிந்திருக்கும். 104 என்னும் மருத்துவ உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

வீடு மாறுவதற்கு முன்

- நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ‘வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை அரை’ என்னும் விவரம் புதிய மருத்துவருக்குப் பயன்படாது.
- மருத்துவமனை நோட்டு, விடுவிப்புக் குறிப்பு, இரத்தப் பரிசோதனை முடிவுகள், இ.சி.ஜி., எக்கோ, ஸ்கேன் அறிக்கைகளை ஒரே கோப்பில் வையுங்கள். கைப்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள்.
- குறைந்தது ஒரு மாதத்திற்கான மருந்தைப் பெற இயலுமா என மருத்துவரிடம் கேளுங்கள்.
- இரத்தச் சுத்திகரிப்பு பெறும் நோயாளியெனில், புதிய இடத்தில் சிகிச்சைக்கான இடமும் நாளும் உறுதியான பின்னரே வீடு மாறுங்கள். ஒரு வேளை சிகிச்சை தவறினாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் கூடி உயிருக்கு ஆபத்து நேரலாம்.

நோய் வாரியாகச் செய்யவேண்டியவை

*நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய்*

இந்நோய்களில் மருந்து நின்றவுடன் உடலில் எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கலாம். ஆபத்தும் அதில்தான் உள்ளது. இரத்த அழுத்தம் ஓசையின்றி உயர்ந்து, சில மாதங்களில் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகப் பாதிப்பாகவோ வெளிப்படலாம். புறநோயாளர் பிரிவுகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் விடை இது: ‘வீடு மாறினோம், பழைய மருத்துவமனை தூரமாகிவிட்டது, தலைசுற்றல் எதுவும் இல்லை என்பதால் மாத்திரையை விட்டுவிட்டேன்.’ இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான அடிப்படை மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இம்மருந்துகள் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அளிக்கப்படுகின்றன. பழைய பகுதியில் இச்சேவையைப் பெற்றிருந்தால், புதிய பகுதியில் உங்கள் பெயரைச் சேர்க்கும்படி செவிலியரிடம் கூறுங்கள்.

*காசநோய்*

பொதுவான காசநோய்க்கு ஆறு மாதங்கள் இடைவிடாமல் மருந்து உட்கொள்ளவேண்டும். இருமலும் காய்ச்சலும் முதல் இரண்டு மாதங்களிலேயே குறைந்துவிடும்; கிருமிகள் அதற்குள் அழிந்துவிடுவதில்லை. இடையில் நிறுத்தினால் நோய் திரும்புவதோடு, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகையாகவும் மாறக்கூடும். அது வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பரவலாம். உங்களுக்கு வழங்கப்பட்ட நிக்‌ஷய் எண் நாடு முழுவதும் செல்லும். எந்த ஊருக்குச் செல்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே தெரிவித்தால், சிகிச்சைப் பதிவு அங்குள்ள நிலையத்திற்கு மாற்றப்படும். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் ₹1,000 வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. வீடு மாறுவதால் அவ்வுரிமை நீங்காது.

*எச்.ஐ.வி. சிகிச்சை*

ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சையையும் மாற்றுக் கடிதத்துடன் மற்றொரு மையத்தில் தொடரலாம். உங்கள் நோய் விவரம் இரகசியமாகவே காக்கப்படும். வீட்டு உரிமையாளருக்கோ அண்டை வீட்டாருக்கோ அதனைத் தெரிவிக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

*வலிப்பு நோய், மனநலச் சிகிச்சை*

இம்மருந்துகளைத் திடீரென நிறுத்துதல் கூடாது. வலிப்பு மருந்து ஓரிரு நாட்கள் தவறினாலே தொடர் வலிப்பு ஏற்படலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

*கருவுற்ற பெண்கள்*

பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண் மாநிலம் முழுவதற்கும் பொதுவானது. பிறப்புப் பதிவுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுவே அடிப்படை. வீடு மாறினாலும், வளைகாப்பிற்குப் பின் தாய்வீடு சென்றாலும், அவ்வெண்ணையும் தாய்-சேய் நல அட்டையையும் உடன் கொண்டு சென்று அங்குள்ள செவிலியரிடம் காட்டுங்கள். புதிய பதிவு செய்யவேண்டியதில்லை. இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், கர்ப்பகால நீரிழிவு, முந்தைய அறுவைப் பிரசவம் ஆகியவற்றுள் எது இருந்தாலும், எந்த மருத்துவமனையில் பிரசவம் என்பதை ஏழாம் மாதத்திற்குள் முடிவு செய்துவிடுங்கள்.

*குழந்தைகள்*

இடம்பெயரும் குடும்பங்களில் மிகுதியாக விடுபடுவது ஒன்றரை வயதை ஒட்டிய தவணைகளே. 16 முதல் 24 மாதங்களுக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் அளிக்கப்படவேண்டும். தவணை தாமதமாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிற மாநிலத்திலிருந்து வந்த குழந்தைகளுக்கும் அதே அட்டவணைப்படி கட்டணமின்றித் தடுப்பூசி போடப்படும். உங்கள் வீட்டிலோ, நீங்கள் வேலைக்கு அமர்த்தும் இடத்திலோ அத்தகைய குடும்பங்கள் இருந்தால் அவர்களையும் செவிலியரிடம் அறிமுகப்படுத்துங்கள்.

முதியோரைப் பராமரிப்போர் கவனத்திற்கு

சொந்த ஊரில் தெருவெங்கும் பழகிய முகங்களைக் கண்டு வாழ்ந்த ஒருவருக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளம் பெரும் தனிமையைத் தரக்கூடும். உணவு குறைதல், உறக்கமின்மை, பேச்சு குறைதல் ஆகியவற்றை ‘வயதானால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். அவை மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். மறதி நோயுள்ளோர் புதிய வீட்டில் கழிவறைக்கு வழி தெரியாமல் தடுமாறுவர். வெளியே சென்றால் திரும்பி வர வழி அறியாமல் தவிப்பர். கழிவறையில் பிடிமானக் கம்பியும் இரவு விளக்கும் அமையுங்கள். பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய அட்டை அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். பகல் முழுவதும் வேலைக்குச் செல்வோர், மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்த பெட்டியில் வைத்துச் செல்வது நன்று.

அவசர நிலைக்கு முன்கூட்டியே ஆயத்தமாகுங்கள்

மருத்துவமனை தொலைவில் இருப்பது அவசர நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். மூளை இரத்தக் குழாய் அடைப்பினால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்திற்குள் போடவேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், நெஞ்சில் அழுத்தும் வலியுடன் வியர்வை வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கவேண்டா.

புதிய மனைப்பிரிவுகளில் பல தெருக்களுக்குப் பெயர்ப் பலகை இருப்பதில்லை; ஒரே பெயரில் இரண்டு நகர்களும் இருக்கும். குடிபுகுந்த வாரத்திலேயே உங்கள் வீட்டிற்கு ஆம்புலன்ஸ் வரும் வழியை, முதன்மைச் சாலையிலிருந்து எவரும் அறிந்த அடையாளங்களுடன் ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். சி.டி. ஸ்கேன் வசதியுள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சாலை விபத்தில் காயமுற்றோருக்கு ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ் அனுமதிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாதோருக்கும் இது பொருந்தும்.

நீரும் கொசுவும்

குழாய் இணைப்பு எட்டாத பகுதிகளில் லாரி நீரைத் தொட்டியிலும் டிரம்மிலும் சேமிப்பது தவிர்க்க இயலாதது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தேங்கிய நன்னீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். எனவே வாரம் ஒருமுறை டிரம்களைக் காலி செய்து, உட்புறம் தேய்த்துக் கழுவி, இறுக மூடுங்கள். கட்டுமானம் நடைபெறும் வீடுகளின் தொட்டிகளையும் கண்காணியுங்கள். லாரி நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் நன்கு கொதிக்கவைத்து ஆறிய பின்னரே பருகுங்கள். மழைநீர் புகுந்த தரைத்தளத் தொட்டியைச் சுத்தம் செய்து குளோரின் இடாமல் பயன்படுத்தவேண்டா. அதற்குச் சுகாதார ஆய்வாளரின் உதவியை நாடலாம்.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

*ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பழைய முகவரியே உள்ளது. சிகிச்சை கிடைக்குமா?*
கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளர் சிகிச்சை பெறவும், தடுப்பூசி போடவும், காசநோய் மருந்து பெறவும் அப்பகுதி முகவரிச் சான்று தேவையில்லை. அட்டைகளை வசதிப்படும்போது மாற்றிக்கொள்ளலாம். அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போடவேண்டா.

*பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் பெரிய மருத்துவமனையை விட்டுவிட வேண்டுமா?*
வேண்டியதில்லை. சிறப்பு மருத்துவரின் ஆலோசனையை அங்கேயே தொடரலாம். மாதாந்திர மருந்து, இரத்த அழுத்தம் மற்றும் சர்க்கரைப் பரிசோதனை, கட்டு மாற்றுதல் ஆகியவற்றை வீட்டருகே பெற்றுக்கொண்டால் பயணமும் செலவும் குறையும், மருந்தும் இடைவிடாது.

*தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டால்?*
முன்பு ஊசி போட்ட நிலையத்தின் பதிவேட்டிலோ, அங்குப் பதிந்த கைப்பேசி எண்ணைக் கொண்டு யு-வின் இணையப் பதிவிலோ விவரம் கிடைக்கலாம். கிடைக்காவிடினும் குழந்தையை அழைத்து வாருங்கள். வயதிற்கேற்ப எவற்றைப் போடவேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

*முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு வேறு மாவட்டத்தில் செல்லுமா?*
செல்லும். மாநிலத்தில் இத்திட்டத்தின்கீழ் அனுமதிக்கப்பட்ட எந்த மருத்துவமனையிலும் பயன்படுத்தலாம். ஆண்டு வருமானம் ₹1,20,000-க்கு மிகாத குடும்பங்கள் இதில் சேரலாம்.

நினைவிற்கொள்ள

புதிய வீட்டில் குடிபுகுந்த முதல் வாரத்தில் மூன்று செயல்களை முடித்துவிடுங்கள். உங்கள் பகுதிக்குரிய சுகாதார நிலையத்திற்கு நேரில் சென்று குடும்பத்தினர் அனைவரின் பெயரையும் பதிவு செய்யுங்கள். நோயாளியின் கோப்பை அங்குள்ள மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அடுத்த மருந்தோ ஊசியோ பரிசோதனையோ என்று, எங்கு என்பதைக் குறித்து வாங்குங்கள். உங்கள் பகுதிக்குக் கூடுதல் செவிலியரும் மருத்துவரும் தேவை என்பதை அரசு அறிவதற்கும் அப்பதிவேடே துணைபுரிகிறது. நெடுநாள் கழித்து இப்பக்கத்தைக் காண்பவராயின், இதற்குள் சிகிச்சை விடுபட்டிருந்தாலும் தயங்காதீர்கள். எஞ்சியுள்ள மாத்திரை உறைகளுடன் நாளைக் காலையே வாருங்கள்.